இச்சை வேறு, இன்பம் வேறு



குடிக்கு அடிமையான ஒரு சகோதரன், "எனக்கு அது பிடிக்கவே இல்லைங்க, ஆனா விட முடியலை" என்று சொன்னால் நாம் என்ன பதில் சொல்கிறோம்? "பிடிக்காமலா தினமும் குடிக்கிற? பொய் சொல்லாதே!" என்று அந்த நிமிஷமே நியாயந்தீர்த்துவிடுகிறோம். அவன் சொன்னது மெய்யாயிருந்தால்? சற்றுப் பொறுமையாய் யோசிப்போம்.

நம் மூளையின் நடுப்பகுதியில் சிறு கூட்டமாய் இருக்கிற சில நரம்பு செல்கள் டோபமின் என்ற பொருளைச் சுரக்கின்றன. அவற்றின் நுண்ணிய இழைகள் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்னும் இடத்துக்குப் போகின்றன. அங்கே செய்தியைச் சுமந்து வருவது பெரும்பாலும் குளூட்டமேட் என்ற வேறொரு பொருள். அந்தச் செய்தி எவ்வளவு பலமாய்க் கேட்கவேண்டும் என்பதை டோபமின் மாற்றுகிறது. வாய்க்காலில் ஓடுகிற தண்ணீர் வேறு, மடையைத் திறந்து மூடுகிறவன் வேறு அல்லவா? டோபமின் மடைக்காரன். டி1 ஏற்பி உள்ள செல்கள் அது பட்டதும் எளிதாய்த் தூண்டப்படும். டி2 ஏற்பி உள்ளவை அடங்கும். வேலை முடிந்ததும் டோபமின் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளப்படும். கொக்கெய்ன் இந்தத் திரும்பும் வழியைத்தான் அடைத்துவிடுகிறது.

கவனியுங்கள்! 1997-இல் ஷுல்ட்ஸ், டயான், மாண்டேக் என்ற மூன்று அறிஞர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழரசம் கிடைத்தபோது குரங்குகளின் டோபமின் செல்கள் துடித்தன. பழரசத்துக்கு முன் ஒரு அடையாளம் வரும் என்று பழகிய பிறகோ, அடையாளத்தைக் கண்டதுமே துடித்தன. பழரசம் வந்தபோது துடிக்கவில்லை. கடைப் பலகையும், கூட்டாளியின் குரலும், சாயங்கால நேரமும் ஒரு மனுஷனை ஏன் இப்படி இழுக்கின்றன என்று இப்போது புரிகிறதா?

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் என்பவர் டோபமின் ஏறக்குறைய அழிக்கப்பட்ட எலிகளை ஆராய்ந்தார். அவை தாமாய் ஆகாரத்தைத் தேடிப் போகாது. ஆனால் சர்க்கரைத் தண்ணீரை வாயில் விட்டால் ருசித்து நாக்கைச் சப்பிக்கொள்ளும்! ஆகவே இச்சை வேறு, இன்பம் வேறு. அடிமைப்பட்டவனுக்குள் இன்பம் குறைந்துபோனாலும் இச்சை மட்டும் வளர்ந்துகொண்டே போகலாம். அந்தச் சகோதரன் பொய் சொல்லவில்லை.

அப்படியானால் குற்றமே இல்லையா? இன்னொன்றையும் பாருங்கள். பார்க்கின்சன் நோயில் டோபமின் செல்கள் அழிகிறபடியால், டோபமினைப் போல வேலை செய்யும் மாத்திரைகள் கொடுப்பதுண்டு. அவற்றைச் சாப்பிட்டவர்களில் 11 பேருக்குச் சூதாட்ட வெறி பிடித்ததை 2005-இல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் எழுதினார்கள். மருந்தைக் குறைத்தோ நிறுத்தியோ சிகிச்சை செய்தபோது பலருக்கு வெறி அடங்கியது. அவர்களைச் சூதாடிகள் என்று தூற்றுவது நியாயமா? அதேசமயம் அந்த மாத்திரை சாப்பிடுகிற எல்லாரும் சூதாடுவதில்லை. "எல்லாம் அவன் கொழுப்பு" என்பதும் தப்பு. "எல்லாம் ரசாயனம், அவன் என்ன செய்வான்" என்பதும் தப்பு.

இழுப்பு வருவது நம் தெரிவல்ல. ஆனால் மடை திறக்குமுன் ஒரு நேரம் உண்டு. காலையில், மனம் தெளிவாயிருக்கையில், சம்பளத்தை மனைவி கையில் கொடுத்துவிடலாம். வேறு தெரு வழியாய் வீட்டுக்கு வரலாம். மருத்துவரிடம் ஒளிக்காமல் பேசலாம். பொறுப்பு பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் இருக்கிறது. (மாத்திரையையோ நெடுநாள் குடியையோ திடீரென்று தானாய் நிறுத்துவது ஆபத்து, வைத்தியரின் ஆலோசனை அவசியம்.)

அன்பானவர்களே, பொறுப்பு அவனுக்கு மட்டுமா? கல்யாண வீட்டில் "ஒரு வாய்தானே, சும்மா குடிப்பா" என்று நீட்டுகிற கை யாருடையது? திருந்தி வருகிறவனைப் பழைய பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வாய் யாருடையது? அவன் கண்முன் அந்த அடையாளத்தை வைக்கிறவர்கள் நாமாய் இருக்கவேண்டாம். சாயங்காலம் ஆறு மணிக்கு அவனோடு கூட நடந்து, அவனை வீடு சேர்க்கிறவர்களாய் இருப்போம்!