எழுதுகோல் யார் கையில்?

சென்னை ராஜதானியில் நீதிபதியாக இருந்த ஓர் ஆங்கிலேயரின் மனைவி, 1836 முதல் 1839 வரை சீமையிலிருந்த உறவினருக்கு எழுதிய கடிதங்கள் 1843-இல் லண்டனில் நூலாக வெளிவந்தன. 'ஒரு சீமாட்டி' என்பதற்கு மேல் முகப்பில் பெயர் இல்லை. ஜூலியா மெயிட்லண்ட் என்று பின்னாளில் அறியப்பட்டவர் அவர்.

கூர்மையான கண் அவருக்கு. இந்த நாட்டை அறிய ஆவலே இல்லாத வெள்ளைக்காரப் பெண்களைக் கேலி செய்கிறார். ராஜமுந்திரியில் பள்ளிக்கூடம் வைக்கிறார். நல்லவர்தான். ஆயினும் நம்மவரின் கொச்சை ஆங்கிலம் அவர் கடிதங்களில் கப்பலேறிச் சீமையாரைச் சிரிக்க வைக்கிறது. அந்த வீட்டு வேலைக்காரர்கள் அவரைப் பற்றி என்ன நினைத்தார்கள்? அதற்குக் கடிதம் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. அது தணிவதற்குள் விருதுநகரில் எங்கள் வீட்டுத் திண்ணை நினைவுக்கு வந்தது.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த கிழவியின் மகள் சிவகாசிப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தாள். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் அங்கே வீட்டுக்கு வீடு பரவியிருந்தது. மகளும் பெட்டி ஒட்டினாள். அவளுக்குக் கார்டு எழுதித் தருவது சிறுவனான என் வேலை.

"அம்மா என்னைய நல்லா வச்சிருக்காகன்னு எழுதுங்க தம்பி" என்பாள் கிழவி.

ஒரு தடவை, பீங்கான் தட்டு ஒன்று உடைந்ததற்காக அவள் சம்பளத்தில் பிடித்திருந்தார்கள். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அன்றும் அதே வாக்கியத்தைத்தான் சொன்னாள். நானும் எழுதினேன்.

அந்தப் பொய் யாருடையது? அவளுடையது என்று எந்த நீதிமன்றமும் சொல்லலாம்; என் மனச்சாட்சி சொல்லாது. எஜமானின் பிள்ளை கையில் எழுதுகோல் இருக்கும்போது, ஏழை எப்படி உண்மை பேசுவாள்?

பின்னால் நான் கதாசிரியன் ஆனேன். தீப்பெட்டி ஒட்டும் பெண்களைப் பற்றி எழுதிப் பாராட்டும் பெற்றேன். அவர்கள் பேசியதெல்லாம் என் வார்த்தைகள். சீமாட்டியைக் குறை கூற நான் யார்? இரக்கத்தோடு எழுதினேன் என்பது சமாதானம் ஆகாது. அவருக்குந்தான் இரக்கம் இருந்தது. பிறர் வாழ்வை எழுதுகிறவன், தன் வீட்டில் உடைந்த தட்டையும் சேர்த்து எழுத வேண்டும். அவ்வளவுதான் நான் கண்ட நியாயம்.

காமராஜர் காலத்தில் கிழவியின் பேத்தி எங்கள் ஊருக்கே வந்து பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். மதிய உணவும் கிடைத்தது, எழுத்தும் வந்தது. அதற்குப் பிறகு கிழவி கார்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வரவில்லை.

பேத்தி எழுதிய கார்டுகளில் எங்களைப் பற்றி என்ன இருந்ததோ, நான் அறியேன். அறியாமல் இருப்பதே முறை.