கைமாறும் பணியும் கைமாறாத பெயரும்

முன்னர் நம்மிடம் அரபு இலக்கணம் ஓதிய மாணவர் ஒருவர் அண்மையில் நம்மைக் காண வந்திருந்தார். இப்போது அவர் மென்பொருள் நிறுவனமொன்றில் நிரல் எழுதும் பணியில் இருக்கிறார். நலம் விசாரித்து முடிந்ததும், சற்றுத் தயங்கி, ஒரு கேள்வியை நம்முன் வைத்தார்.

அவருடன் பணியாற்றிய ஒருவர் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டாராம். அவர் பாதியில் விட்டுச் சென்ற வேலை நம் மாணவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இவர் உழைத்து அதனை முடித்தார். முடித்தபின், முன்னவர் எழுதியதையும் தாம் எழுதியதையும் ஒன்றாகத் திரட்டி, ஒரே பதிவாக்கி, தம் பெயரில் சேர்த்துவிட்டார். பாராட்டு வந்தது, பெற்றுக்கொண்டார். இரண்டு திங்கள் சென்றபின் அதில் ஒரு பிழை தோன்றிற்று. ஆராய்ந்து பார்த்தபோது, பிழை முன்னவர் எழுதிய வரிகளில் இருந்தது.

"ஹஜ்ரத், இது என் பிழையன்று என்று சொல்ல நா எழுகிறது. பாராட்டை நான் வைத்துக்கொண்டு, பழியை மட்டும் அவரிடம் திருப்பி அனுப்புவது ஆகுமா?" என்று கேட்டார்.

கேள்வி சிறிது; அதனுள் அடங்கிய பொருளோ பெரிது. ஒரு பணி ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும்போது எது மாறுகிறது? எது மாறுவதில்லை?

பலர் கூடி எழுதும் நிரலில், யார், எப்போது, எதை மாற்றினார் என்பதைக் குறித்துவைக்கும் ஏற்பாட்டுக்குப் பதிப்புக் கட்டுப்பாட்டு முறை என்று பெயர். இன்று பெரிதும் வழங்குவது 'கிட்' என்பதாகும். லினக்ஸ் பணிக்கென லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் இதனை ஆக்கினார். அவ்வாண்டு ஜூலையிலேயே அதன் பராமரிப்பை ஜூனியோ ஹமானோ என்பாரிடம் ஒப்படைத்தார். ஆக, அக்கருவியே கைமாறி வளர்ந்ததுதான்.

இதன் ஒவ்வொரு பதிவிலும் இரண்டு பெயர்களுக்கு இடமுண்டு. ஒன்று, இயற்றியவர் பெயர். மற்றொன்று, அதனைச் சேர்த்தவர் பெயர். ஒருவர் எழுதியதை மற்றொருவர் எடுத்துச் சேர்க்கும்போது, சேர்த்தவர் பெயர் மாறும். இயற்றியவர் பெயர், எவரும் வலிந்து மாற்றாதவரை, அப்படியே நிற்கும். பதிவின் அடையாள எண்ணும் இப்பெயர்களை உள்ளடக்கியே கணிக்கப்படுகிறது. பெயரொன்றைத் திருத்தினால் அவ்வெண்ணும், அதன்மீது எழுந்த பிற்பதிவுகளின் எண்களும் வேறாகிவிடும்.

இவ்விரு பெயர்களுக்குமிடையே உள்ள வேறுபாட்டில்தான் நம் மாணவரின் கேள்விக்கு விடை இருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

ஃபிக்ஹு நூல்களில் 'ஹவாலா' என்றொரு பாடம் உண்டு. இக்காலச் செய்தித்தாள்களில் அடிபடும் பொருளன்று நாம் சொல்வது. கடனை ஒருவர் பொறுப்பிலிருந்து மற்றொருவர் பொறுப்புக்கு மாற்றும் ஒப்பந்தமே அது. முறைப்படி மாற்றப்பட்டதும், பொதுவாக, முதற் கடனாளி விடுபடுகிறார், ஏற்றவர் கட்டுப்படுகிறார். பொறுப்பு என்பது கடனைப் போன்றது; அது கைமாறும்.

ஆனால் 'இதனை இன்னார் செய்தார்' என்பது கடனன்று, நடந்த செய்தி. செய்தியை எவரும் எவருக்கும் மாற்றிக் கொடுக்க இயலாது. முன்னவரே மனமுவந்து, "என் பெயர் வேண்டா, உம் பெயரையே இட்டுக்கொள்ளும்" என்று சொல்லியிருந்தால் ஆகாதோ எனச் சிலர் கேட்கலாம். தமக்குரிய பாராட்டை அவர் விட்டுக்கொடுக்கலாம்; அது அவர் உரிமை. நடவாத ஒன்றை நடந்ததாக்கும் உரிமை அவருக்குமில்லை.

"நான் பொய்யொன்றும் எழுதவில்லையே, திரட்டியபோது அவர் பெயர் தானே மறைந்தது" என்றும் நம் மாணவர் சொல்லிப் பார்த்தார். ஹதீஸ்கலை இதனை நன்கறியும். தாம் நேரில் கேளாத ஒன்றை, இடையில் நின்ற அறிவிப்பாளரை விட்டுவிட்டு, நேரில் கேட்டதுபோலத் தோன்றும் சொல்லால் அறிவிப்பதைத் 'தத்லீஸ்' என்றனர் முன்னோர். அங்கே பொய்ச்சொல் இராது. ஆயினும் இடையிலிருந்த மனிதர் மறைந்துவிடுவார். அவ்வறிவிப்பின் தகுதியும் ஐயத்துக்குள்ளாகும். ஏனெனில், அவர் யார், நம்பத்தக்கவரா என்று ஆராயும் வழியே அடைபட்டுப் போகிறது.

லினக்ஸ் பணியில் 2004 முதல் ஒரு வழக்கம் இருந்துவருகிறது. ஒரு திருத்தம் யார் யார் கைகளின் வழியே செல்கிறதோ, அவர்கள் ஒவ்வொருவரும் அதன் இறுதியில் தம் ஒப்பத்தை ஒரு வரியாகச் சேர்ப்பர். முன்னவர் ஒப்பத்தை அழித்துத் தமதை இடுவதில்லை. அதன்கீழ்த் தமதைச் சேர்க்கின்றனர். இஸ்னாதைக் கண்டு பழகிய நமக்கு இது புதியதன்று.

எனினும், பெயர்கள் நிரலாக நின்றால் மட்டும் போதுமா? போதாது. ஹவாலாவில் கடன் கொடுத்தவரின் இசைவு வேண்டும் என்று ஷாஃபிஈ, ஹனஃபீ அறிஞர்கள் கூறினர். புதியவரை நம்பியிருக்கப் போகிறவர் அவரல்லவா? எக்ஸ்.ஸெட். என்னும் கோப்புச் சுருக்கு மென்பொருளை நெடுங்காலம் பேணிவந்தவர், துணைவந்த ஒருவரைப் பராமரிப்பில் பங்காளியாக்கினார். வந்தவர் ஆண்டுக்கணக்கில் நற்பணி செய்து நம்பிக்கை பெற்று, 2024இல் அதனுள் கள்ள வாயில் ஒன்றை மறைத்து வைத்தார். அவ்வாண்டு மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளர், கணினிக்குள் நுழைவதற்கு அரை நொடி கூடுதலாவது ஏனென்று ஆராய்ந்து அதனைக் கண்டறிந்தார். பதிவுகளில் பெயர் இருந்தது. அப்பெயருக்குரியவர் யாரென்பது உலகுக்குத் தெரியாதிருந்தது. அமானிதத்தை ஒப்படைப்பது மட்டுமன்று, உரியவரிடம் ஒப்படைப்பதே திருமறை நமக்கு இட்ட பணி.

பணியை விட்டுச் சென்றவருக்கும் ஓர் உரிமை உண்டு. 1980களின் தொடக்கத்தில் வால்டர் டிச்சி பர்டூ பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஆர்.சி.எஸ். என்னும் பழைய முறையில், ஒருவர் தம் வேலைக்கெனப் பூட்டிவைத்த பதிப்பை மற்றொருவர் திறந்தால், பூட்டியவருக்கு மடல் ஒன்று செல்லும். திறப்பவரிடம் காரணம் கேட்டு, அதனையும் அம்மடலில் சேர்த்தனுப்பும். பிறர் வேலையில் கைவைக்குமுன் சொல்லிவிட்டுச் செய் என்னும் அடக்கத்தை அந்தக் கருவிக்குள் அமைத்தவரை நாம் பாராட்டவே வேண்டும்.

நம் மாணவருக்கு நாம் சொன்ன விடை இதுதான்: பிழையைத் திருத்தும் பொறுப்பு உம்முடையது, நீர் ஏற்றீர், நீர் சேர்த்தீர், உம்மை நம்பியே பிறர் எடுத்துக்கொண்டனர். உழைப்பில் முன்னவருக்குள்ள பங்கோ அவருடையது. அதனை மேலாளரிடம் இன்றே சொல்லிவிடும். திருத்தத்தைச் சேர்க்கும்போது அதன் குறிப்பிலும் எழுதிவைத்துவிடும். "அவ்வரிகளை அவர் எழுதினார்" என்னும் அதே வாக்கியம், பாராட்டு வந்த நாளில் சொன்னால் சாட்சியம்; பழி வந்த நாளில் மட்டும் சொன்னால் தப்பியோட்டம். ஆகையால் இரண்டையும் சேர்த்தே சொல்லும். அவரிடமும் முதலில் சொல்லிவிடும்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "பாராட்டைத் திருப்பிக் கொடுப்பதுதான் கடினம், ஹஜ்ரத்" என்றார். கடினம்தான். நாமும் நம் ஆசிரியர்களிடம் கேட்டவற்றை நம் சொந்தச் சிந்தனைபோல எத்தனை மேடைகளில் சொல்லியிருப்போம் என்று அப்போது நினைத்துக்கொண்டோம். பிறர் கையிலிருந்து பெற்றதைப் பிறர் கைக்குக் கொடுப்பதே நம் வாழ்வு. இடையில் நின்றவர் பெயரை மறையாதிருக்க வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக!