குறைந்தது எது?

ஹேபர் 1909-இல் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்ட, போஷின் முயற்சியால் 1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவில் பெருந்தொழிலாக வளர்ந்த அம்மோனியா ஆக்கத்தை விளக்கி முடித்த குரு, 28 கிலோ நைட்ரஜனும் 4.5 கிலோ ஹைட்ரஜனும் இருந்தால் எது முதலில் தீரும் என்று வினவினார்.

சீடன்: எடையில் குறைந்தது ஹைட்ரஜனே ஆதலால், அதுவே தீரும்.

குரு: விடை சரி, காரணம் பிழை. ஹைட்ரஜன் 7 கிலோ இருப்பினும் எடையில் அதுவே குறைவு. ஆயினும் அப்போது தீர்வது நைட்ரஜன். மூலக்கூறுகள் எண்ணிக்கையால் கூடுகின்றனவேயன்றி எடையால் அல்ல; அவ்வெண்ணிக்கையை அளக்கும் அலகே மோல். நைட்ரஜனில் ஒரு மோல் 28 கிராம், ஹைட்ரஜனில் 2 கிராம்.

சீடன்: அவ்வாறாயின் நைட்ரஜன் 1000 மோல், ஹைட்ரஜன் 2250 மோல். எண்ணிக்கையில் குறைந்த நைட்ரஜன் அல்லவா முதலில் தீர வேண்டும்?

குரு: எண்ணிக்கையும் தனித்து நின்று தீர்ப்புச் சொல்லாது. ஒரு மோல் நைட்ரஜன் மூன்று மோல் ஹைட்ரஜனுடன் கூடி இரண்டு மோல் அம்மோனியா தருவதே இவ்வினையின் சமன்பாடு என்பதால், 1000 மோல் நைட்ரஜனுக்கு 3000 மோல் ஹைட்ரஜன் வேண்டும், இருப்பதோ 2250. தேவையை நோக்கக் குறைந்து நின்று, வினை எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்யும் இத்தகைய பொருளே வினைக்கட்டுப்பாட்டுக் காரணி எனப்படும். அது முழுவதும் மாறினால் கிடைக்கக்கூடிய பேரளவே கோட்பாட்டு விளைச்சல்: இங்கே 1500 மோல், மோலுக்கு 17 கிராமாக 25.5 கிலோ. வினையில் சேராது எஞ்சும் நைட்ரஜன் 250 மோல், அதாவது 7 கிலோ. இரண்டையும் கூட்டினால் இட்ட 32.5 கிலோவும் கணக்கில் வந்துவிடும். இக்கூட்டலைச் செய்து பாராத மாணவன் தன் பிழையைக் காணும் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறான்.

சீடன்: ஆலையிலும் 25.5 கிலோ கிடைக்குமா?

குரு: ஒரே சுற்றில் கிடைக்காது. உண்டான அம்மோனியா மீண்டும் பிரிந்து பழைய வாயுக்களாவதால், இரும்பு வினையூக்கியின் மேல் ஒருமுறை செல்லும்போது ஏறத்தாழ 15 விழுக்காடே மாறுகிறது. அம்மோனியாவைக் குளிர்வித்துத் திரவமாகப் பிரித்தெடுத்து, எஞ்சிய வாயுக்களை மறுபடியும் வினைக்கலத்துக்கு அனுப்புகிறார்கள்.

சீடன்: அந்த 7 கிலோ நைட்ரஜனும் அவற்றோடு சுழலுமோ?

குரு: சுழலும், துணையில்லாததால் ஒவ்வொரு சுற்றிலும் அது வந்து குவியும். அதனாலேயே ஆலைக்குள் புதிதாக விடும் வாயுக்களை ஒன்றுக்கு மூன்று என்ற விகிதத்தில் கலந்து விடுகிறார்கள்.