ஏலக் குரலும் பொருள் வரைதலும்

இல்லறத்தார்க்கு வகுக்கப்பெற்ற அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியில் நிற்பது பொருள் வரைதல். வடமொழியில் இதனைப் பரிக்கிரக பரிமாணம் என்பர். முதல் நான்கும் இன்னது செய்யற்க என்று செயலைச் சுட்டி விலக்குவன. ஐந்தாவதோ, 'இவ்வளவு எனக்குப் போதும்' என்று நாமே ஓர் அளவை வரைந்துகொள்ளச் சொல்வது. அளவு நம்மிடமே விடப்பட்டிருப்பதால் இஃது எளிதுபோல் தோன்றும். ஆயின் ஐந்தனுள்ளும் அரியது இதுவே என்பது என் கருத்து. இக்கருத்து நூல்களால் மட்டும் எனக்கு வந்ததன்று. ஒரு பழைய காரால் வந்தது. அதனைக் கூறுமுன், இன்று உலகில் பழைய கார்களுக்கு வந்துள்ள விலையைச் சிறிது கூற வேண்டும்.

ஏலக்கூடத்தில் நிகழ்வது

அமெரிக்காவில் 1960களின் நடுவில் ஒருவகைக் கார்கள் தோன்றின. நடுத்தர அளவுள்ள வண்டியில் மிகப் பெரிய எஞ்சினைப் பொருத்தி, இளைஞர் வாங்கத்தக்க விலையில் விற்றனர். 1964இல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. என்பதனை இவ்வகையின் முன்னோடி என்பர். வலிமை கருதி இவற்றிற்கு 'மஸில் கார்' என்று பெயரிட்டனர். பின்னர்க் காப்பீட்டுக் கட்டணம் உயர்ந்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 1973இல் எண்ணெய் நெருக்கடி நேர்ந்தது. விரும்புவார் குறையவே, பல கார்கள் பழைய இரும்பாயின. அன்று வாங்க இயலாமல் ஏங்கிய இளைஞர்கள் பின்னாளில் செல்வராகி, எஞ்சியவற்றைத் தேடி ஏலக்கூடங்களுக்கு வந்தனர். அவர்கள் தேடியது காரையா, கழிந்துபோன இளமையையா என்பது சிந்திக்கத்தக்கது.

1968இல் வெளிவந்த 'புல்லிட்' என்னும் திரைப்படத்தில் நடிகர் ஸ்டீவ் மெக்குவீன் ஓட்டிய போர்டு மஸ்டாங் காரை 1974இல் ஒரு குடும்பத்தினர் 6,000 டாலருக்கு வாங்கினர். அவ்வில்லத்தின் தலைவி ஒரு பள்ளி ஆசிரியை. அக்காரிலேயே அவர் பள்ளிக்குச் சென்று வந்தார். 1977இல் அந்நடிகரே அதனை விலைக்குக் கேட்டு எழுதியும் அவர்கள் கொடுக்கவில்லை. பின்னர் அது பல்லாண்டுகள் ஓடாமல் நின்றது. 2020 ஜனவரியில் புளோரிடா மாநிலத்தில் நடந்த ஏலத்தில் 34 லட்சம் டாலருக்குக் கேட்கப்பட்டது. ஏல நிறுவனத்தின் கட்டணமும் சேர 37 லட்சத்து 40 ஆயிரம் டாலர் ஆயிற்று. ஓர் ஆசிரியை பள்ளிக்குச் செல்ல உதவிய நாள்வரை அது வண்டி. அதன்பின் அதற்கு என்ன பெயர் இடுவது?

இன்னொரு செய்தியும் உண்டு. 1971ஆம் ஆண்டின் பிளிமத் ஹெமி குடா என்னும் திறந்த கூரைக் கார்கள் பதினொன்றே செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று 2014இல் சியாட்டில் நகர ஏலத்தில் 35 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. 2021 மே மாதம் இண்டியானாபோலிஸ் நகரில் மற்றொன்றுக்குக் கேள்வி 48 லட்சம் டாலர்வரை ஏறியது. ஆயினும் உடையவர் மனத்தில் வைத்திருந்த தொகையை அது எட்டவில்லை. கார் விற்கப்படாமலே திரும்பியது.

ஏலம் நமக்குப் புதியதன்று. நாமகிரிப்பேட்டையில் விரலி, உருண்டை, பனங்காளி என்று தரம் பிரித்து மஞ்சள் ஏலம் நடைபெறுகிறது. திருச்செங்கோட்டில் கூட்டுறவுச் சங்கத்தில் பருத்தி ஏலம் நடைபெறுகிறது. அங்கே வாங்குவோர்க்கு மஞ்சள் அரைபடும், பருத்தி நூலாகும் என்ற கணக்கு உண்டு. அக்கணக்கே விலைக்கு வேலியாகும். ஓட்டுவதற்கென்று வாங்கப்படாத காருக்கு அத்தகைய வேலி ஏது? அங்கே விலையை உண்டாக்குவது எதிரே அமர்ந்திருக்கும் இன்னொருவரின் ஆசைதான். தோற்றவர் எவ்வளவு விரும்பினாரோ, அதற்கு ஒரு படி மேலே வென்றவர் செலுத்துகிறார். 'ஒரு தரம், இரண்டு தரம்' என்ற குரல்களுக்கு இடையே, வீட்டில் அமைதியாக வரைந்துவைத்த எல்லை அழிந்துபோகிறது. பொருள் வரைதல் நம்மை எங்கே நிற்கச் சொல்கிறதோ, அவ்விடத்தில்தான் ஏலக் குரல் 'இன்னும் ஒரு படி' என்கிறது.

பழையதைக் காப்பது குற்றமா?

அவ்வாறாயின் பழைய பொருளைப் பேணுவது பிழையா என்று அன்பர்கள் வினவலாம். அன்று. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு அவர்களின் பெயர் விளங்கும் கார் அருங்காட்சியகம் 2015இல் திறக்கப்பட்டது. அங்கே செல்லும் மாணவர், எஞ்சினும் சக்கரமும் வளர்ந்த வரலாற்றைக் கண்ணால் கண்டு கற்கின்றனர். ஐம்பது ஆண்டு கடந்த வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்களாகத் தனியே பதிவுசெய்ய 2021இல் மத்திய அரசு விதி வகுத்தது. உள்ளதைப் பழுதுநீக்கி வைத்துக்கொள்வதால் புதிதாக உலையும் சுரங்கமும் வேண்டாமையின், உயிர்க்கேடும் ஓரளவு குறையும். 2022இல் ஸ்டட்கார்ட் நகரில் 1955ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் கார் ஒன்று 13 கோடியே 50 லட்சம் யூரோவுக்கு விற்கப்பட்டபோது, அத்தொகை இளைஞர் கல்வி உதவிக்குப் பயன்படும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. இதுவும் நற்செயலே.

எனவே குற்றம் இரும்பில் இல்லை. உமாசுவாமி ஆசாரியர் பரிக்கிரகத்திற்கு இலக்கணம் கூறுமிடத்துப் பொருளைச் சுட்டாமல், பொருள்மேல் மயங்கிக் கிடக்கும் நிலையையே சுட்டினார். புறப்பற்று பத்து, அகப்பற்று பதினான்கு என்று நம் நூல்கள் எண்ணுகின்றன. புறத்தே உள்ளவற்றினும் அகத்தே உள்ளவை மிகுதி என்பதனை இவ்வெண்ணிக்கையே காட்டுகிறது.

சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்திற்கு வரும் வழுக்கள் ஐந்தினை எண்ணிச் சொல்லியுள்ளார். அதிவாகனம் என்பது ஆசையால் வண்டி மாடுகளை அவை தாங்கும் அளவுக்கு மேல் ஓட்டுதல். தேவைக்கு மேல் வாகனம் சேர்த்தல் என்றும் பொருள் கொள்வர். அதிசங்கிரகம், பின்னால் விலை ஏறும் என்று குவித்து வைத்தல். அதிவிஸ்மயம், தான் விற்ற பொருளைக் கொண்டு பிறர் மிகுதியாகப் பெற்றது கண்டு வியந்து வருந்துதல். அதிலோபம், நல்ல விலை கிடைத்த பின்னும் இன்னும் வேண்டும் என்றல். அதிபாரவாகனம், அளவுக்கு மேல் பாரம் ஏற்றுதல். இறுதியானதை, லாரித் தொழிலால் வாழும் நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தார்க்கு நான் விளக்க வேண்டுவதில்லை. மற்றவற்றை நோக்குங்கள், ஏலக்கூடத்தின் வாயிலில் நின்று எழுதியனபோல் இல்லையா? 48 லட்சம் டாலருக்கும் இசையாது திரும்பிய காரை நான்காம் வழுவுக்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம் என்று எண்ணினேன். மூன்றாம் வழுவுக்கு எடுத்துக்காட்டு என் வீட்டிலேயே இருந்தது.

எங்கள் கொட்டகையில் நின்ற கார்

என் கணவர் 1978இல் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் பழையதாகவே வாங்கினார். சென்னையில் 1961 முதல் செய்யப்பட்டு வந்த வண்டி அது. சேலத்திலிருந்து விஜயமங்கலத்துச் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயிலுக்கு அதில் பலமுறை சென்றுள்ளோம். அவர் மறைந்தபின் அது கொட்டகையில் நின்றது. விற்கலாமா என்று பிள்ளைகள் கேட்டபோதெல்லாம், 'அவர் நினைவு' என்று மறுத்துவந்தேன்.

முப்பது ஆண்டுகளாக அவ்வண்டியைப் பார்த்துவந்த மெக்கானிக் ஒருவர் ஒருநாள் வந்து, "டீச்சரம்மா, வண்டி மக்கிப் போகுதுங்க. எனக்குக் குடுத்தீங்கன்னா ஓட வெச்சுக் காட்டறேன். அறுபதாயிரம் தர்றேனுங்க" என்றார். அவர் கை பட்டே ஓடிய வண்டி ஆதலின் இசைந்தேன். அடுத்த வாரம் சென்னையிலிருந்து வணிகர் ஒருவர் வந்து, மூன்று லட்சம் தருவதாகக் கூறினார். பெயரனோ, "இன்னும் ஐந்து வருஷம் வைத்திருங்கள் பாட்டி, விலை எங்கேயோ போய்விடும்" என்றான்.

அன்று என் உள்ளத்தில் நிகழ்ந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். அவர் நினைவு என்று அதுவரை சொல்லிவந்த நான், அவரை ஒருமுறையும் நினைக்கவில்லை. மூன்று லட்சத்தையே நினைத்தேன். ஆயினும் சொன்ன சொல் இருந்தது. மெக்கானிக்குக்கே அறுபதாயிரத்துக்குக் கொடுத்தேன். விரதம் காத்தேன் என்ற பெருமிதமும் கொண்டேன்.

ஓராண்டு கழித்து, அவர் அவ்வண்டியைச் செப்பனிட்டு நான்கரை லட்சத்துக்கு விற்றார் என்று கேள்வியுற்றேன். அவர் உழைப்பு அது. அவர்க்கு உரிய ஊதியம் அது. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கூட்டியும் கழித்தும் பார்த்துக்கொண்டே கிடந்தேன். வண்டி என்னை விட்டுச் சென்று ஓராண்டு ஆயிற்று; நான் வண்டியை விடவில்லை. சொல் காத்ததால் இரண்டாம் விரதம் பிழைத்தது. ஐந்தாம் விரதமோ அவ்விரவில் வழுவிற்று. சமந்தபத்திரர் வகுத்த மூன்றாம் வழுவைப் பல மேடைகளில் விளக்கிய நான், அன்றுதான் அதன் பொருளை உணர்ந்தேன்.

மலைமேல் இடமில்லை

ஜினசேனரின் ஆதிபுராணத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஆறு கண்டங்களையும் வென்ற பரத சக்கரவர்த்தி, தன் பெயரைப் பொறிக்க விருஷபாசல மலைக்குச் சென்றான். தனக்கு முன் ஒருவரும் இலர் என்பது அவன் எண்ணம். பாறை முழுவதும் முன்னைச் சக்கரவர்த்திகளின் பெயர்கள் நிறைந்திருந்தன. செருக்கு அடங்கிற்று. ஆயினும் ஒரு பெயரை அழித்துவிட்டே தன் பெயரைப் பொறித்தான்.

எங்கள் வண்டியின் ஆர்.சி. புத்தகத்திலும் என் கணவர் பெயருக்கு மேல் இருவர் பெயர்கள் இருந்தன. கீழே இன்னும் எத்தனை பெயர்கள் வருமோ! கோடி கொடுத்து வாங்குவோரும் ஒரு பட்டியலில் ஒரு வரியையே வாங்குகின்றனர்.

பரிமாணம் என்பது மனத்தில் தோராயமாக இருந்தால் போதாது என்பதே நான் கற்ற பாடம். விலை கேட்கும் குரல் வருமுன்னரே, எண்ணிக்கையாக எழுதிவைக்க வேண்டும். விட்ட பொருளையும் அப்பட்டியலில் எழுதி, 'இது என்னுடையது அன்று' என்று குறிக்க வேண்டும். தசலட்சணப் பருவத்தின் ஒன்பதாம் நாள் உத்தம ஆகிஞ்சன்யத்துக்கு உரியது. இவ்வாண்டு அந்நாளில் நான் ஒரு தாளை எடுத்து, வீடு, நகை, வைப்புத்தொகை என்று வரிசையாக எழுதினேன். இறுதி வரியில் 'ஹெரால்டு கார்' என்று எழுதி அடித்தேன். எழுபது வயது கடந்து செய்ததனை இளைய அன்பர்கள் முப்பதிலேயே செய்வார்களாக.

அறம் வளர்க.