நாள் வாடகையும் அயலார் உரிமையும்

"என் பொருள், என் இஷ்டம்" என்னும் வாக்கியம் நம்மவரிடையே நியாயம் போலவே வழங்கி வருகிறது. பணங்கொடுத்து வாங்கிய வீட்டை உல்லாசப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவோர் இதனையே தம் கட்சிக்கு ஆதாரமாகக் கொள்கின்றனர். இவ்வாதம் எத்துணைத் தூரம் செல்லும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

சட்டம் கூறுவதை முதலில் நோக்குவோம். சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பு வீடுகளை மூன்று மாதத்திற்குக் குறைந்த காலத்திற்கு விடலாகாது என்பது 2017-இல் வகுத்த வரையறை. அனுமதியின்றிக் குறுகிய கால வாடகைக்கு விட்ட இருவருக்கு 2018-இல் ஆளுக்கு 60,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. மலேசியாவிலோ, கோலாலம்பூர் மோன்ட் கியாரா அடுக்குமாடி ஒன்றின் வழக்கில், இத்தகைய வாடகையைத் தடுக்கும் விதியை வீட்டு உரிமையாளர்கள் கூடி வகுத்துக்கொள்வது செல்லும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது.

சட்டம் நிற்க. அறம் யாது கூறும்?

அடுக்குமாடியில் ஒருவனுக்குத் தனியுரிமையானவை அவன் வீட்டின் நான்கு சுவர்களுக்கு உட்பட்டவையே. மின்தூக்கியும் படிக்கட்டும் வாயிற்காவலும் பொதுவுடைமை. நாள்தோறும் புதியவர்க்கு வாயிற்சாவியைக் கொடுப்பவன் இப்பொதுவுடைமையையும் அயலாரது உறக்கத்தையும் சேர்த்தே விற்கிறான். தன்னதல்லாததை விற்று விலையை மட்டும் தான் பெறுவது எந்த நியாயத்தின் பாற்பட்டது? தோட்டத்து லயத்தில் ஒரே சுவருக்கு இருபுறமும் வாழ்ந்த நம் முன்னோர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ!

தான் குடியிருக்கும் வீட்டின் ஓர் அறையை விட்டுப் பிழைக்கும் ஏழை விதவையை நாம் இவரோடு ஒன்றாக எண்ணோம். வருபவர் இரைச்சலிட்டால் அவளும் அதனைக் கேட்கிறாள். வேறோர் ஊரிலிருந்து கைப்பேசி வாயிலாக வீட்டை நடத்துபவரோ இலாபத்தைத் தமக்கும் தொல்லையைப் பிறர்க்கும் பங்கிட்டுவிடுகிறார்.

அயலார் கூறும் தடையனைத்தும் நியாயமெனவும் நாம் சொல்லோம். நள்ளிரவுக் கூச்சலைக் கண்டிப்பது உரிமை. வருபவன் நிறத்தைக் கண்டு முகஞ்சுளிப்பது வெறும் துவேஷம். "இந்தியர்க்கு வீடில்லை" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பிய நம்மவர் இவ்வேற்றுமையை நன்கறிவர். தாம் வீட்டுக்காரரான பின்னர் மறவாதிருத்தல் வேண்டும்.

விருந்தினர் சென்ற சில மணி நேரத்திற்குள், அடுத்தவர் வருமுன்னே, விரிப்பு மாற்றித் தரை துடைக்கும் தொழிலாளியும் ஒருவர் உளர். வீட்டின் அழகைப் புகழ்பவர் அவரைக் காண்பதில்லை. அவர் கூலியைக் குறைத்துப் பெறும் இலாபம் இலாபமன்று.

சட்டம் இடந்தரும் ஊரில் இத்தொழில் புரிவோர் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வாராக: இவ்வீட்டிற்கு அடுத்த கதவில், மனைவி மக்களோடு நாம் குடியிருக்க உடன்படுவோமா? ஆமெனில் தொழில் நேர்மையானது. அன்றெனில், வரும் பணத்தில் ஒரு பகுதி அயலான் வீட்டிலிருந்து கேளாமல் எடுத்தது.