சிரித்த முகம் தேவை

ஒரு மனிதரைப் 15 நிமிஷத்தில் எடை போட்டுவிட முடியுமா? கம்ப்யூட்டரில் தட்டச்சு வருமா என்று பார்ப்பது சுலபம். கணக்கு வருமா என்று பார்ப்பதும் சுலபம். ஒரு தாளைக் கொடுத்தால் போதும். பொறுமை வருமா என்று எப்படிப் பார்ப்பது? அதற்குத் தாளும் இல்லை, தராசும் இல்லை. ஆனால், நாள் முழுவதும் வாடிக்கைக்காரர்களோடு பேச வேண்டிய வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் இதைத்தான் பார்த்தாக வேண்டியிருக்கிறது. ஜவுளிக் கடையானாலும், வங்கிக் கவுண்ட்டரானாலும், இரவு பகலாகக் குறை கேட்கும் கால் சென்டரானாலும் நேர்முகத் தேர்வில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். ‘உங்கள்மேல் தப்பே இல்லை. இருந்தாலும் வாடிக்கைக்காரர் உங்களைத் திட்டுகிறார். என்ன செய்வீர்கள்?’

இத்தகைய வேலைக்கு ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கும் நண்பர் ஒருவர் சொன்னதைக் கேளுங்கள். ஒரே நாளில் இரண்டு இளம்பெண்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டார்களாம். முதல் பெண் கண்ணிமைக்காமல், “அவருடைய நிலைமையில் என்னை வைத்துப் பார்ப்பேன், ஸார். எனக்குக் கோபமே வராது” என்றாள். இரண்டாவது பெண் சற்று யோசித்தாள். “கோபம் வரும், ஸார். அடக்கிக்கொண்டு, அவருக்கு ஆக வேண்டியதைச் செய்து கொடுப்பேன். அப்புறம் கொஞ்ச நேரம் யாரோடும் பேசாமல் இருக்க வேண்டும்போல இருக்கும்” என்றாள். வேலை முதல் பெண்ணுக்குப் போயிற்று.

“கோபம் வரும் என்று அவளே ஒப்புக்கொள்கிறாளே! நாங்கள் செய்தது சரிதானே?” என்று கேட்டார் நண்பர். சரி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இரண்டாவது பெண்ணின் பதிலைப் பிரித்துப் பாருங்கள். அதில் உண்மை இருக்கிறது, கடமை இருக்கிறது, தன் பலம் எவ்வளவு என்ற அளவும் இருக்கிறது. இந்த வேலைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? கோபமே வராது என்று சொன்ன பெண்ணையும் நான் குறை கூறமாட்டேன். அவளுக்கு அந்தப் பதிலை யாரோ கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்கிற நிலைமையில் இருப்பவள் கற்றதைச் சொல்லத்தான் செய்வாள். தவறு கேள்வியில் இருக்கிறது. உண்மை சொன்னவர் தோற்கும்படியாக ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, நாளைக்கு நாணயமாக நடந்துகொள் என்று உபதேசம் செய்வது என்ன நியாயம்?

நண்பர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பென்ஷன் பணம் வரவில்லையே என்று பதறிக்கொண்டு வரும் முதியவர், எதிரே இருப்பவருடைய மனநிலையை ஆராயவா வருகிறார்? ஓர் ஆறுதல் வார்த்தை அவருக்கு மருந்து. இன்சொல்லுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியவர் வள்ளுவர். ஆனால் அதை அவர் எங்கே வைத்திருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். இல்லறவியலில், விருந்தோம்பலை அடுத்து வைத்திருக்கிறார். வீட்டுக்குச் சொந்தக்காரன் தன் வாசலுக்கு வந்தவனிடம் காட்டும் இனிமை அது. அவன் தன் சோற்றை, தன் மனத்திலிருந்து கொடுக்கிறான்.

அமெரிக்கச் சமூகவியலறிஞர் ஆர்லி ஹோக்‌ஷில்ட் 1983இல் ‘தி மேனேஜ்ட் ஹார்ட்’ என்ற நூலை வெளியிட்டார். விமானப் பணிப்பெண்களுக்கு அளிக்கப்பட்ட பயிற்சியை அவர் நேரில் ஆராய்ந்தவர். விமானத்தை உங்கள் வீட்டுக் கூடமாகவும், பயணிகளை உங்கள் விருந்தாளிகளாகவும் எண்ணிக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்களாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நிஜமான வீட்டுக்காரிக்கு ஓர் உரிமை உண்டு. விருந்தாளி வரம்பு மீறினால், ‘ஐயா, போய் வாருங்கள்’ என்று சொல்லிவிடலாம். பணிப்பெண்ணுக்கு அந்த உரிமை கிடையாது. வீட்டுக்காரியின் அன்பு வேண்டும். வீட்டுக்காரியின் அதிகாரம் மட்டும் கூடாது. சம்பளத்துக்குச் சிரிப்பதில் உள்ள துன்பம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

நம் ஊர்க் கதையும் இதுதான். ஜவுளிக் கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே புடவைகளை விரித்துக் காட்டும் பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்கள் உட்காருவதற்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று கேரளம் 2018லும் தமிழ்நாடு 2021லும் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. சிரிக்கச் சொன்னவர்கள் உட்காரச் சொல்வதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது!

ஆகவே விருந்தோம்புகிறவர் உண்மையில் முதலாளி. சிப்பந்தி அவருடைய சார்பில் நிற்கிறவர். அந்தச் சிப்பந்தியைத் தேர்ந்தெடுக்க உட்காருகிறவர்களே முதலில் விருந்தோம்பலைக் காட்டியாக வேண்டும். காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் கொடுக்காமல் பிற்பகல் இரண்டு மணிக்குக் கூப்பிட்டு, ‘உங்களுக்குப் பொறுமை உண்டா?’ என்று கேட்பவர்களை என்னவென்று சொல்வது?

நியாயமான பேட்டி எப்படி இருக்கலாம்? கோபம் வருமா என்று கேட்க வேண்டாம். புகார்க் கடிதம் ஒன்றைக் கொடுத்து, இதை எழுதியவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்கலாம். தெரியாததைத் தெரியாது என்று எப்படிச் சொல்வாய், முடியாததை மனம் நோகாமல் எப்படி மறுப்பாய் என்று கேட்கலாம். இவற்றுக்கெல்லாம் உண்மை பேசியே நல்ல பதில் சொல்ல முடியும். இராப் பொழுதில் வேலை உண்டு, சில நாள் வசவும் உண்டு என்று மறைக்காமல் சொல்லிவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பழைய கேள்வியைக் கேட்டே தீர வேண்டுமென்றால், அதன் மறு பாதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ‘வாடிக்கைக்காரர் என்னை வரம்பு மீறித் திட்டினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று வேலைக்கு வந்தவர் திருப்பிக் கேட்க இடம் கொடுக்க வேண்டும். அதற்குப் பதில் வைத்திருக்கும் ஸ்தாபனத்துக்குத்தான் பொறுமையைப் பற்றி விசாரிக்கும் யோக்கியதை உண்டு.

இவ்வளவையும் முதலாளிகளின் தலையில் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. அந்தக் கேள்வியில் பெயரில்லாமல் ஒருவர் வருகிறாரே, தப்பே செய்யாதவளைத் திட்டுகிற வாடிக்கைக்காரர், அவர் யார்? கரண்ட் பில் தவறாக வந்த அன்றும், வாங்கிய சாமான் உடைந்து வந்த அன்றும் தொலைபேசியை எடுக்கிற நாம்தான். நாம் கொஞ்சம் தணிந்து பேசினால், அந்தக் கேள்விக்கே வேலை குறைந்துவிடும்.