துரத்தும் நாயும் விரோதி இம்சையும்

இரவு 11 மணிக்குமேல் சென்னைத் தெருவொன்றில் உணவுப் பொட்டலத்துடன் இருசக்கர வண்டியில் செல்லும் விநியோக ஊழியரை நாய்கள் துரத்தும்போது, அவர் காலால் உதைத்து விரட்டுவது இம்சையாகுமா என்னும் வினாவுக்குச் சமண அறமரபு நுட்பமான விடை தருகிறது. கொல்லவோ வருத்தவோ வேண்டுமென்றே எண்ணிச் செய்வதாகிய சங்கல்பி இம்சையையும், தாக்க வருவதைத் தடுக்கும்போது நேர்வதாகிய விரோதி இம்சையையும் வேறுபடுத்தும் அம்மரபு, முன்னதை இல்லறத்தாருக்கு முற்றாக விலக்கி, பின்னதைத் தவிர்க்கவியலாததாகக் கொண்டது. துறவிக்கோ இச்சலுகை கிடையாது. கடிபட்டால் ரேபிஸ் அச்சமும் தடுப்பூசிக்காக இழக்கும் நாட்கூலியும் காத்திருக்கும் ஒருவருக்கு இச்சலுகை பெரிதும் உரியதே.

ஆயினும் நாய் பகையால் துரத்துவதில்லை. தன் எல்லைக்குள் விரைந்தோடும் பொருளை விரட்டுவது அதன் இயல்பாதலால், பழகிய ஊழியர்கள் வேகத்தைக் குறைத்து, வண்டியை நிறுத்தி, நாயின் கண்ணை உற்றுநோக்காமல், பையை முன்னே பிடித்தபடி அசையாது நிற்கின்றனர். வண்டி நின்றதும் பெரும்பாலும் நாயும் நின்றுவிடுகிறது. சிலர் சட்டைப்பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து இடுகின்றனர். தடுக்கும் இம்சைக்கே இடமில்லாமல் செய்யும் இச்செயல், அனுமதிக்கப்பட்ட இம்சையினும் மேலானது. ஆனால் அந்த நிதானத்திற்கு நேரம் வேண்டும். உணவுக்குக் காத்திருப்போர் வீட்டு நாயைக் கட்டிவைத்து, வாசல் விளக்கை ஏற்றி, விநியோக ஊழியருக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகத் தருவார்களாக.